ஊகிக்கத்தக்க தற்காலிகக் கோப்புகள்: யூனிக்ஸ் பாதுகாப்பின் ஒரு பழைய ஓட்டையின் வரலாறு

ஒரு நிரல் தன் வேலைக்கு நடுவே சிறிது நேரத்துக்கு மட்டும் உருவாக்கி, வேலை முடிந்ததும் அழித்துவிடும் கோப்பு தற்காலிகக் கோப்பு எனப்படும். அந்தக் கோப்புக்கு நிரல் என்ன பெயர் வைக்கப்போகிறது என்பதை அதே கணினியைப் பயன்படுத்தும் வேறொருவர் முன்கூட்டியே சொல்லிவிட முடிந்தால், அது ஊகிக்கத்தக்க தற்காலிகக் கோப்பு ஆகும். யூனிக்ஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளங்களில் ஏறத்தாழ அரை நூற்றாண்டாகத் திரும்பத் திரும்பக் கண்டுபிடிக்கப்பட்டு வரும் பாதுகாப்புக் குறை இது. ஒரு நிரலில் சரிசெய்தால் இன்னொரு நிரலில் முளைக்கும். ஒரு தலைமுறை நிரலர்கள் கற்றுக்கொண்டதை அடுத்த தலைமுறை மறுபடியும் பட்டுத்தான் கற்றுக்கொண்டது.

குறையின் உள்ளே இருப்பது கணினிக்கே உரிய சிக்கல் அல்ல. திருவள்ளூர் மாவட்டத்தின் வட கோடியில் உள்ள கும்மிடிப்பூண்டி சிப்காட் பகுதியைப் பார்த்தவர்களுக்கு எடைமேடை தெரிந்திருக்கும். பழைய இரும்பு ஏற்றிவரும் லாரியை மேடையில் நிறுத்தி, எடை பார்த்து, சீட்டு கொடுப்பார்கள். லாரி அங்கிருந்து கிளம்பி ஆலையின் இறக்குமிடத்துக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். வழியில் சரக்கை மாற்றிவிட்டால், சீட்டில் எழுதியிருக்கும் எடையில் பொய் இல்லை. ஆனால் அது இப்போது லாரியில் இருக்கும் சரக்கின் எடை அல்ல. சோதித்த நேரத்துக்கும் பயன்படுத்திய நேரத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. ஏமாற்றுபவருக்கு அந்த இடைவெளி போதும். கணினி அறிவியலில் இந்த வகைக் குறைக்குப் பந்தய நிலை என்று பெயர். தற்காலிகக் கோப்புச் சிக்கலின் வரலாறு பெரும்பாலும் இந்த இடைவெளியை மூட எடுத்த முயற்சிகளின் வரலாறே.

பொது அடைவின் தொடக்கம்

யூனிக்ஸ் 1969 முதல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோரின் கையில் உருவானது. அதன் முதல் பயனர் கையேடு 1971 நவம்பர் 3 தேதியிட்டது. (தமிழ்நாட்டில் சிப்காட் நிறுவனம் தொடங்கப்பட்டதும் அதே 1971தான். இரண்டுக்கும் தொடர்பு ஏதும் இல்லை; காலத்தை நினைவில் வைக்க உதவும், அவ்வளவே.) அந்தக் கையேட்டிலேயே 'டெம்ப்' என்ற அடைவு வருகிறது. மூல அடைவுக்கு நேர் கீழே, எல்லாப் பயனரும் எழுதக்கூடிய இடமாக அது அமைந்திருந்தது. அக்காலத்து உரைதிருத்தியான 'எட்' தன் தற்காலிகக் கோப்பை அங்கேதான் வைத்தது. கோப்பின் பெயர் ஒரு நிலையான சொல்லும் அதன் பின்னே ஏ, பி என்று மாறும் ஓர் எழுத்துமாக இருந்தது. ஒருவர் திருத்திக்கொண்டிருந்தால் ஏ, அடுத்தவர் வந்தால் பி.

இதைக் குறை என்று அன்று யாரும் நினைக்கவில்லை. நினைக்கக் காரணமும் இல்லை. ஒரே கூடத்தில் ஒருவரையொருவர் அறிந்த சில ஆய்வாளர்கள் பகிர்ந்துகொண்ட இயந்திரம் அது. தெருத் திண்ணையில் மூட்டையை வைத்துவிட்டு வாய்க்காலுக்குப் போய் முகம் கழுவி வருவதைப் போல, பொது அடைவில் கோப்பை வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தார்கள். பெயர் வைப்பதில் இருந்த ஒரே கவலை, இரண்டு நிரல்கள் தற்செயலாக ஒரே பெயரைத் தேர்ந்துவிடக் கூடாது என்பதுதான். வேண்டுமென்றே ஒருவர் அதே பெயரைத் தேர்ந்தெடுப்பார் என்ற எண்ணம் வடிவமைப்பில் இடம்பெறவில்லை.

1979இல் வெளியான யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் 'எம்கேடெம்ப்' என்ற செயற்கூறு வந்தது. கோப்புப் பெயரின் கடைசியில் ஆறு எக்ஸ் எழுத்துகளை எழுதிக் கொடுத்தால், அவற்றின் இடத்தில் அந்த நிரலின் செயல்முறை எண்ணையும் ஓர் எழுத்தையும் நிரப்பித் தரும். செயல்முறை எண் என்பது ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் கருனி வரிசையாகக் கொடுக்கும் எண். இரண்டு நிரல்களுக்கு ஒரே நேரத்தில் ஒரே எண் வராது என்பதால் தற்செயல் மோதல் நின்றுவிட்டது. ஷெல் நிரல் எழுதுபவர்கள் இதையே இன்னும் சுருக்கமாகச் செய்தார்கள்: கோப்புப் பெயரின் பின்னால் இரட்டை டாலர் குறி போட்டால் ஷெல் தன் செயல்முறை எண்ணை அங்கே நிரப்பும். பாடப்புத்தகங்களிலும் கையேடுகளிலும் இந்த வழக்கம் பரவியது.

வரிசையாக வரும் எண்ணை ஊகிப்பது எவ்வளவு எளிது என்று சொல்ல வேண்டியதில்லை. இப்போது ஓடும் நிரலின் எண் 4210 என்றால் அடுத்து வருவது 4211 அல்லது அதற்குச் சற்றுப் பின்னால். ஊகிக்கவே முடியவில்லை என்றாலும் கவலையில்லை. லினக்ஸில் நெடுங்காலம் செயல்முறை எண்ணின் உச்ச வரம்பு 32768ஆக இருந்தது. அத்தனை பெயர்களிலும் ஆளுக்கொரு பொறியை வைத்துவிட ஒரு சிறு நிரலுக்குச் சில நொடிகள் போதும். எம்கேடெம்ப் சேர்க்கும் எழுத்தும் பெரிய காப்பு அல்ல. ஒரு செயல்முறைக்கு அதிகம் போனால் 26 பெயர்கள்.

பொறி வைக்கும் விதம்

பொறி என்று மேலே சொன்னது பெரும்பாலும் குறியீட்டு இணைப்பு. 'சிம்லிங்க்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் இது 1983இல் வெளியான பெர்க்லியின் 4.2பிஎஸ்டி பதிப்பின் வழியாகப் பரவலானது. தனக்கென்று உள்ளடக்கம் இல்லாமல், வேறொரு கோப்பின் முகவரியை மட்டும் தாங்கி நிற்கும் கோப்பு அது. நிரல் அதைத் திறந்தால், கருனி அந்த முகவரிக்கு நிரலை அழைத்துக்கொண்டு போய்விடும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்துகொள்வோம். கும்மிடிப்பூண்டி போன்ற ஒரு தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலை. காலை 6 மணி, பிற்பகல் 2 மணி, இரவு 10 மணி என்று மூன்று ஷிப்ட். ஒவ்வொரு ஷிப்ட் முடியும்போதும் உலை வெப்பநிலை, உருவான டன் கணக்கு, ஆள் வருகை எல்லாவற்றையும் திரட்டி ஓர் அறிக்கை அச்சிட, அலுவலகத்து லினக்ஸ் கணினியில் ஒரு ஷெல் நிரல் ரூட் உரிமையுடன் தானாக ஓடுகிறது. அது பொது அடைவில் 'ஷிப்ட்அறிக்கை' என்ற சொல்லோடு அன்றைய தேதியைச் சேர்த்து ஒரு கோப்பை உருவாக்கி எழுதுகிறது. அதே கணினியில் மேற்பார்வையாளர்களுக்கும் ஒப்பந்தப் பணியாளர்களுக்கும் சாதாரணக் கணக்குகள் இருக்கின்றன.

அந்தச் சாதாரணக் கணக்கு வைத்திருக்கும் ஒருவர் 5:55க்கு, அன்றைய தேதி தாங்கிய அதே பெயரில் ஒரு குறியீட்டு இணைப்பை உருவாக்குகிறார். அது பயனர் கணக்குகள் பதிந்திருக்கும் அமைப்புக் கோப்பைக் காட்டுகிறது. அந்தக் கோப்பைத் தொட அவருக்கு உரிமை கிடையாது. ஆனால் அதன் முகவரியை எழுதிவைக்க உரிமை எதுவும் வேண்டாம். 6 மணிக்கு ரூட் நிரல் வந்து 'தன்' தற்காலிகக் கோப்பைத் திறக்கிறது. இணைப்பின் வழியே போய் அமைப்புக் கோப்பின் மேல் உலை வெப்பநிலையை எழுதிவிடுகிறது. அடுத்த நிமிடம் யாரும் கணினிக்குள் நுழைய முடியாது. எழுதப்படும் உள்ளடக்கத்தில் ஒரு பகுதியையாவது தாக்குபவர் தீர்மானிக்க முடிந்தால் விளைவு இதைவிட மோசம்: தனக்கு ரூட் உரிமை தரும் ஒரு வரியையே எழுத வைத்துவிடலாம்.

இன்னொரு வகை உண்டு, அதிகம் பேசப்படுவதில்லை. தாக்குபவர் இணைப்புக்குப் பதில் அந்தப் பெயரில் ஒரு வெற்றுக் கோப்பை உருவாக்கி, எல்லாரும் எழுதலாம் என்று அனுமதியும் கொடுத்துவிடுகிறார். நிரல் ஏற்கெனவே இருக்கும் கோப்பில் எழுதிக்கொண்டு போகிறது. கோப்பின் உரிமையாளர் அவர் என்பதால் ஆள் வருகையும் கூலிக் கணக்கும் அவர் கண்ணுக்குத் தெரியும். நிரல் அதைத் திரும்பப் படிப்பதற்குள் மாற்றவும் முடியும். எதுவும் உடையவில்லை, எச்சரிக்கை எதுவும் வரவில்லை. மாதக் கணக்கில் தெரியாமல் போகக்கூடியது இதுதான்.

"கோப்பு ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இல்லாவிட்டால் உருவாக்கினால் போயிற்று" என்று தோன்றும். நிரலர்கள் பல ஆண்டுகள் அப்படித்தான் செய்தார்கள். எடைமேடையில் நடந்ததுதான் இங்கும் நடக்கிறது. பார்ப்பது ஒரு செயல், உருவாக்குவது வேறொரு செயல். இரண்டுக்கும் நடுவே கருனி வேறொரு பயனரின் நிரலுக்கு வாய்ப்புக் கொடுக்கலாம். அந்த நேரத்தில் இணைப்பு முளைத்துவிடும். எம்கேடெம்ப் செயற்கூறின் அடிப்படைக் குறையும் இதுவே: அது பெயரை மட்டும் தருகிறது, கோப்பை உருவாக்கித் தருவதில்லை.

இடைவெளியின் ஆபத்தை யூனிக்ஸ் உலகம் அறியாமல் இல்லை. ஏழாம் பதிப்பில் புதிய அடைவு உருவாக்கும் 'எம்கேடிர்' என்பது ரூட் உரிமையுடன் ஓடும் தனி நிரலாக இருந்தது. முதலில் அடைவை உருவாக்கும். பிறகு அதன் உரிமையைப் பயனருக்கு மாற்றிக் கொடுக்கும். இரண்டு படிகளுக்கும் நடுவே அடைவை நீக்கி, அதே பெயரில் கடவுச்சொல் கோப்புக்கு ஓர் இணைப்பை வைத்துவிட்டால், கடவுச்சொல் கோப்பே பயனருக்குச் சொந்தமாகிவிடும். 4.2பிஎஸ்டியில் அடைவு உருவாக்குவது கருனியே ஒரே மூச்சில் செய்யும் அழைப்பாக மாற்றப்பட்டதும் இந்த வழி அடைபட்டது. அடைவுக்குக் கற்ற பாடம் கோப்புக்குப் போய்ச் சேரப் பல ஆண்டுகள் பிடித்தன என்பதுதான் வியப்பு.

ஸ்டிக்கி பிட்

1986இல் வந்த 4.3பிஎஸ்டி பொது அடைவுக்கு ஒரு காவலைத் தந்தது. 'ஸ்டிக்கி பிட்' என்ற பழைய அடையாளத்துக்கு அதில் புதிய பொருள் கொடுக்கப்பட்டது. அந்த அடையாளம் உள்ள அடைவில் யாரும் கோப்பு வைக்கலாம்; ஆனால் வைத்தவரோ, அடைவின் உரிமையாளரோ, ரூட்டோ தவிர வேறு யாரும் அதை நீக்கவோ பெயர் மாற்றவோ முடியாது. திண்ணையில் மூட்டை வைக்கலாம், அடுத்தவர் மூட்டையைத் தூக்க முடியாது.

இது பாதி நோய்க்கு மருந்து. வைத்த கோப்பை யாரும் மாற்றிவிடாமல் காத்தது, ஆனால் நாம் வைப்பதற்கு முன்பே நம் இடத்தில் ஒருவர் உட்கார்ந்துகொள்வதைத் தடுக்கவில்லை. அந்தப் பாதி மருந்தையும் எல்லாரும் போட்டுக்கொள்ளவில்லை. 1995இல் அமெரிக்காவின் செர்ட் ஒருங்கிணைப்பு மையம் சோலாரிஸ் இயங்குதளத்தின் 'பிஎஸ்' கட்டளை குறித்து எச்சரிக்கை வெளியிட்டது. ஓடும் நிரல்களைப் பட்டியலிடும் சாதாரணக் கட்டளை அது. பொது அடைவில் ஸ்டிக்கி பிட் விடுபட்டிருந்தால், அது உருவாக்கும் தற்காலிகக் கோப்பை நடுவில் மாற்றி ரூட் உரிமையைக் கைப்பற்ற முடிந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1993இல், 'எக்ஸ்டெர்ம்' நிரலின் பதிவுக் கோப்பு வசதியிலும் இதே வகைப் பந்தய நிலை அறிவிக்கப்பட்டிருந்தது. அது தற்காலிகக் கோப்பு அல்ல, ஆனால் ஓட்டை ஒன்றே.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் மாட் பிஷப், மைக்கேல் டில்கர் இருவரும் 1996இல் இந்த வகைக் குறைகளை நிரல் மூலத்திலேயே தேடிக் கண்டறியும் வழியைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். அடுத்த ஆண்டு வெளியான ஓப்பன்பிஎஸ்டி 2.1 பதிப்பில் 'எம்கேடெம்ப்' என்ற கட்டளை ஷெல் நிரலர்களுக்காகச் சேர்க்கப்பட்டது. பழைய செயற்கூறின் பெயரையே தாங்கியிருந்தாலும் இது வேறு. பெயரையும் தேர்ந்தெடுத்து, கோப்பையும் பாதுகாப்பாக உருவாக்கிக் கொடுத்துவிடும். சி மொழியில் இதே வேலையைச் செய்வது 'எம்கேஎஸ்டெம்ப்'.

இதன் உள்ளே நடப்பதைச் சற்று விளக்கலாம். கோப்பைத் திறக்கும்போது கருனியிடம் "இந்தப் பெயரில் எதுவும் இல்லாவிட்டால் மட்டும் உருவாக்கு, குறியீட்டு இணைப்பு இருந்தாலும் இருப்பதாகவே கொண்டு மறுத்துவிடு" என்று கேட்கலாம். சோதிப்பதும் உருவாக்குவதும் கருனிக்குள் பிரிக்க முடியாத ஒரே செயலாக நடக்கும். எடைமேடையையும் இறக்குமிடத்தையும் ஒரே இடத்தில் கட்டிவிட்டதைப் போன்றது இது. ஊகிக்க முடியாத பெயரைவிட இந்தப் பிரிக்க முடியாத செயல்தான் முக்கியம் என்பது என் கருத்து. பல கையேடுகள் இதைத் தலைகீழாகச் சொல்கின்றன. பெயர் தெரிந்திருந்தாலும் இந்த முறையில் உருவாக்கும் நிரலை மேலெழுத வைக்க முடியாது. அப்படியானால் பெயரை எதற்குக் குலுக்கிப் போட வேண்டும்? தெரிந்த பெயரில் முன்கூட்டியே ஒரு கோப்பை வைத்து நிரலை ஓடவிடாமல் முடக்கலாம் என்பதற்காகத்தான். ஒன்று திருட்டைத் தடுக்கிறது, மற்றொன்று வழிமறிப்பைத் தடுக்கிறது.

சி மொழி நூலகமே தவறிய காலமும் உண்டு. குனூ சி நூலகத்தின் பழைய பதிப்புகளில் எம்கேஎஸ்டெம்ப் கோப்பைப் பாதுகாப்பாக உருவாக்கியது; ஆனால் மற்றவர்களும் எழுதலாம் என்ற அனுமதியுடன் உருவாக்கியது. பின்னர் உரிமையாளருக்கு மட்டும் என்று திருத்தப்பட்டது.

2000ஐ ஒட்டிய அலை

லினக்ஸ் நிறுவனங்களுக்குள்ளும் கல்லூரிகளுக்குள்ளும் வேகமாகப் பரவிய காலம் அது. 2000ஆம் ஆண்டின் இறுதியில் ஷெல்லிலேயே ஓட்டை இருப்பது வெளியானது. ஷெல் நிரலுக்குள் பல வரி உரையை நேரடியாக ஒரு கட்டளைக்குக் கொடுக்கும் வசதி உண்டு. இரண்டு 'சிறியது' குறிகள் போட்டு எழுதுவது. டிசிஷெல், பாஷ் உள்ளிட்ட பல ஷெல்கள் அந்த உரையைப் பொது அடைவில் ஊகிக்கத்தக்க பெயருள்ள கோப்பில் எழுதிவைத்தன. கவனமாக நிரல் எழுதியவரும் தப்ப முடியாது. அவருடைய நிரலில் தற்காலிகக் கோப்பு என்ற பேச்சே இருக்காது, ஷெல் அவருக்குத் தெரியாமல் உருவாக்கியிருக்கும்.

2001 சனவரியில் இம்யூனிக்ஸ் என்ற லினக்ஸ் வெளியீட்டைத் தயாரித்துவந்த வயர்எக்ஸ் நிறுவனத்தினர் தொகுப்புகளை வரிசையாகத் தணிக்கை செய்து ஒரே மூச்சில் ஒரு நீண்ட பட்டியலை அறிவித்தனர். அப்பாச்சி வலைச் சேவையகத்தின் கடவுச்சொல் கருவி, ஸ்குவிட், ஐஎன்என் செய்திச் சேவையகம், கோப்புகளை ஒப்பிடும் 'எஸ்டிஃப்' எல்லாம் அதில் இருந்தன. ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத நிரல்கள், வேறு வேறு நாட்டில் வேறு வேறு ஆட்கள் எழுதியவை, ஒரே தவறு. அதே ஆண்டில் அந்த நிறுவனத்தைச் சேர்ந்த கிரிஸ்பின் கோவனும் உடன் பணியாற்றியவர்களும் 'ரேஸ்கார்ட்' என்ற திட்டத்தை யூசெனிக்ஸ் பாதுகாப்பு மாநாட்டில் முன்வைத்தனர். நிரலர்களைத் திருத்துவதை விட்டுவிட்டு, இந்த இடைவெளித் தாக்குதலைக் கருனியே கண்டுபிடித்து அந்த நிரலை நிறுத்திவிட வேண்டும் என்பது அதன் கருத்து.

இக்காலத்தில் வெளியான ஒரு தாக்குதல் முறை குறிப்பிடத்தக்கது. 2000 சனவரியில் ஓலாஃப் கிர்ச் அதை விவரித்தார். கோப்பைத் திறப்பதற்கு முன்பும் பின்பும் அதன் உள் எண்ணை ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றுதானா என்று பார்க்கும் நிரல்கள் இருந்தன, நல்ல கவனம்தான். ஆனால் தாக்குபவர் தானே தொடங்கிய செட்யுஐடி நிரலை இரண்டு சோதனைக்கும் நடுவில் நிறுத்தி உறங்க வைத்துவிடலாம். பொது அடைவைத் துப்புரவு செய்யும் தானியங்கி நிரல் பழைய கோப்பு என்று அதை அழித்த பின், அதே உள் எண் வேறொரு கோப்புக்கு வரும்வரை காத்திருந்து நிரலை எழுப்பினால், ஒப்பீடு வெற்றி பெறும். குப்பை கூட்ட வந்தவரே வாசலைத் திறந்துவைத்த கதை. இடைவெளி நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் என்று ஆறுதல் கொண்டவர்களுக்கு, அதை நாள் கணக்கில் நீட்டலாம் என்று இது காட்டியது.

டெபியனிலிருந்து காக்களூர் வரை

தமிழ்நாட்டில் லினக்ஸ் அரசு வழியாகப் பரவியது 2000களின் நடுப்பகுதியில். இந்திய அரசின் ஆதரவுடன் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையம் சென்னையில் அமைந்தது. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையமும் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏயூ-கேபிசி ஆய்வு மையமும் அதில் பங்கேற்றன. சி-டாக் சென்னை உருவாக்கிய பாஸ் லினக்ஸ், அதாவது பாரத் இயங்குதளத் தீர்வுகள், 2007இல் வெளிவந்தது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் இயங்கும் அது டெபியனை அடித்தளமாகக் கொண்டது. அதே காலத்தில் எல்காட் நிறுவனம் சூசி லினக்ஸைத் தழுவியது.

டெபியனை அடித்தளமாகக் கொள்வது என்றால் அதன் ஆயிரக்கணக்கான தொகுப்புகளை அவற்றின் நிறைகளோடும் குறைகளோடும் பெற்றுக்கொள்வது. 2008 ஆகஸ்டில் டெபியன் தொகுப்புகளின் ஷெல் நிரல்கள் மொத்தமாகத் தேடிப் பார்க்கப்பட்டன. பொது அடைவில் நிலையான பெயரிலோ இரட்டை டாலர் குறியுடனோ கோப்பு உருவாக்கும் நிரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக அகப்பட்டன; அவற்றின் மேல் கொத்தாக வழுக்கள் பதியப்பட்டன. வயர்எக்ஸ் பட்டியல் வந்து ஏழு ஆண்டுகள் கழிந்த பிறகும் இந்த நிலை.

2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூரை அடுத்த காக்களூரில் அன்றைய முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதா மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டமும் அதே மேடையில்தான் தொடங்கியது. தொடக்க ஆண்டுகளில் தரப்பட்ட மடிக்கணினிகளில் விண்டோசுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. பல வீடுகளில் யூனிக்ஸ் வழிவந்த ஓர் இயங்குதளம் நுழைந்தது அதுவே முதல் முறை.

அந்த மடிக்கணினிகள் இந்த ஓட்டையால் ஆபத்தில் இருந்தனவா? பெரும்பாலும் இல்லை என்பதே நேர்மையான விடை. பொது அடைவுத் தாக்குதலுக்குத் தாக்குபவர் அதே கணினியில் வேறொரு கணக்கில் இருக்க வேண்டும். ஒரு மாணவர், ஒரு கணக்கு என்றால் திண்ணையில் வேறு ஆளே இல்லை. பின்னணியில் தனிக் கணக்கில் ஓடும் சேவை ஒன்று ஏற்கெனவே பிறர் கைக்குப் போயிருந்தால் மட்டுமே பேச்சு வரும். ஆபத்து இருந்தது வேறு இடங்களில்: ஒரே சேவையகத்தில் ஐம்பது மாணவர் நுழையும் கல்லூரி ஆய்வகத்தில், பல வாடிக்கையாளரின் தளங்களை ஒரே கணினியில் வைத்திருந்த பகிர்வு வலைச் சேவையகத்தில், ஷிப்ட் மாறும்போது ஆளும் மாறும் ஆலைக் கணினியில். ஆலைக் கணினிக்கு மற்றொரு தொல்லை, ஒருமுறை ஓடத் தொடங்கிவிட்டால் அதைப் பல ஆண்டுகள் யாரும் புதுப்பிக்க மாட்டார்கள். உற்பத்தி நிற்கக் கூடாது.

கருனியின் தலையீடு

அந்தத் தொடக்க விழா நடந்த நாளில் லினக்ஸின் முதன்மைக் கருனியில் பொது அடைவு இணைப்புகளுக்குத் தடை எதுவும் இல்லை. தடை இருக்க வேண்டும் என்ற கருத்து புதிதல்ல. 1990களின் பிற்பகுதியிலேயே 'சோலார் டிசைனர்' என்ற புனைபெயரால் அறியப்பட்ட அலெக்சாண்டர் பெஸ்லியாக் தன் ஓப்பன்வால் திருத்தத்தில் அதைச் செய்து காட்டியிருந்தார். முதன்மைக் கருனி ஏற்கவில்லை. யூனிக்ஸ் மரபுக்கும் போசிக்ஸ் தரத்துக்கும் மாறானது, பழைய நிரல்கள் உடையும், குறை நிரலில் இருக்கும்போது கருனியை ஏன் மாற்ற வேண்டும் என்பவை எதிர்ப்புகள்.

உபுண்டு 2010இல் 10.10 பதிப்பில் தானே சேர்த்துக்கொண்டது. கீஸ் குக் விடாமல் முன்வைத்துவந்த திருத்தம், கடைசியில் 2012 செப்டம்பர் இறுதியில் வெளியான 3.6 கருனியில் இடம்பெற்றது. காக்களூர் விழாவுக்கு ஓராண்டும் சில நாள்களும் கழித்து. விதி எளியது: எல்லாரும் எழுதக்கூடிய, ஸ்டிக்கி பிட் உள்ள அடைவில் இருக்கும் குறியீட்டு இணைப்பை, அதை உருவாக்கியவரே பின்தொடரலாம், அல்லது இணைப்பை உருவாக்கியவர் அடைவின் உரிமையாளராக இருக்க வேண்டும். வேறு யாராவது வைத்த இணைப்பு என்றால் ரூட்டுக்கும் கதவு திறக்காது. நாம் கற்பனை செய்த ஆலையில் 5:55க்கு வைத்த பொறி 6 மணிக்கு வேலை செய்யாது.

கதை அங்கே முடியவில்லை. சில வாரங்களிலேயே லினஸ் டோர்வால்ட்ஸ் அதன் இயல்பு நிலையை 'அணை' என்று மாற்றினார். செர்மன் வானிலைத் துறை பயன்படுத்தும் ஒரு கோப்பு விநியோக மென்பொருள் இந்தத் தடையால் உடைந்துவிட்டது. ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பை உடைக்கக் கூடாது என்பது அவர் எப்போதும் விட்டுக்கொடுக்காத விதி. எனவே விதி கருனியில் இருக்கும், இயக்குவது வினியோகங்களின் பொறுப்பு என்று ஆயிற்று. இன்று பெரும்பாலான வினியோகங்கள் அதை இயக்கியே தருகின்றன. முன்கூட்டியே சாதாரணக் கோப்பை வைத்து ஏமாற்றும் இரண்டாவது வகைக்கு எதிரான தடை 2018இல் வந்த 4.19 கருனியில்தான் சேர்ந்தது.

இதனிடையே வேறொரு பாதையும் திறந்தது. பொது அடைவைக் காப்பதற்குப் பதில் பொது அடைவையே இல்லாமல் செய்வது. சிஸ்டம்டி மேலாளர் ஒவ்வொரு சேவைக்கும் தனித் 'டெம்ப்' அடைவைக் காட்டும் வசதியைத் தந்தது. அந்தச் சேவைக்கு அது வழக்கமான பொது அடைவு போலவே தெரியும், ஆனால் வேறு யாரும் உள்ளே இருக்க மாட்டார்கள். 2013இல் 3.11 கருனி, பெயரே இல்லாத தற்காலிகக் கோப்பை உருவாக்கும் வழியைத் தந்தது. பெயர் இல்லாததை யார் ஊகிப்பது? ஆண்ட்ராய்டில் முதலிலிருந்தே ஒவ்வொரு செயலிக்கும் தனிப் பயனர் எண்ணும் தனி அடைவும் உண்டு. வாசகர் கையில் இருக்கும் கைப்பேசி அவ்வகையானால், அதில் இந்தத் திண்ணையே கிடையாது.

முடிந்துவிட்டதா என்றால் இல்லை. 2020இல் ஜாவா உலகம் இதே கதையை மறுபடி வாசித்தது. ஜெட்டி வலைச் சேவையகமும், கிட்டத்தட்ட எல்லா ஜாவா நிரலரும் பயன்படுத்தும் ஜேயூனிட் 4 சோதனைக் கருவியும் பொது அடைவில் பிறர் எட்டக்கூடிய வகையில் தற்காலிக அடைவுகளை உருவாக்குவது அறிவிக்கப்பட்டுத் திருத்தப்பட்டது. பைத்தான் மொழி தன் 'எம்கேடெம்ப்' செயற்கூறைப் பயன்படுத்த வேண்டாம் என்று 2.3 பதிப்பிலேயே சொல்லிவிட்டது, ஆனாலும் நீக்கவில்லை.

ஷெல் நிரல் எழுதும் மாணவர் செய்ய வேண்டியது ஒரே வரி மாற்றம். பெயரையும் இரட்டை டாலர் குறியையும் சேர்த்துத் தானே கோப்பு உருவாக்குவதற்குப் பதில் 'எம்கேடெம்ப்' கட்டளையை அழைத்து, அது திருப்பித் தரும் பெயரை ஒரு மாறியில் வைத்துக்கொள்ள வேண்டும். பல கோப்புகள் தேவை என்றால் 'டி' என்ற தேர்வுடன் அழைத்து, தனக்கு மட்டும் உரிய ஓர் அடைவைப் பெற்று எல்லாவற்றையும் அதற்குள் வைக்கலாம். நிரல் நடுவில் நின்றாலும் அழிந்துவிடும்படி 'டிராப்' கட்டளையை அடுத்த வரியில் எழுதுவது வழக்கம்.

சி மொழியின் பழைய எம்கேடெம்ப் செயற்கூறு 2008ஆம் ஆண்டின் போசிக்ஸ் தரத்திலிருந்து நீக்கப்பட்டது. ஆனால் லினக்ஸின் சி நூலகத்தில் அது இன்றும் இருக்கிறது. அதை அழைக்கும் ஒரு நிரலைத் தொகுத்துப் பார்த்தால், இது ஆபத்தானது, எம்கேஎஸ்டெம்ப் பயன்படுத்துவது நல்லது என்று ஒரு வரி எச்சரிக்கை திரையில் வரும். நிரல் தொகுக்கப்பட்டுவிடும், ஓடவும் செய்யும்.